லின்சீட் துரையின் எண்ணெய்

'டொக்!'

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டீக்கன் முத்துநாயகத்தின் பிரம்பு மூன்றாவது பெஞ்சின் முதுகில் விழுந்து, அடுத்த அடிக்குத் தயாராக மேலே எழுந்து நின்றது. அந்தப் பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்த செல்வதாஸ் துள்ளி எழுந்து, நடப்பது என்னவென்று தெரியாமல், "ஆமென்!" என்றான்.

போதகர் சத்தியநேசன் அப்போது சோதோம் பட்டணம் எரிந்து சாம்பலானதை விவரித்துக்கொண்டிருந்தார். ஆமென் சொல்லும் இடம் அதுவல்ல.

நெய்யூருக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சபையில் போதகரின் பிரசங்கம் நீளமானது. அதில் உறங்குகிறவர்களைப் பிரம்பால் எழுப்புவது டீக்கனார் தாமாகவே எடுத்துக்கொண்ட ஊழியம். போதகர் பரலோகத்துக்கு வழி சொன்னார். அந்த வழியில் யாரும் கண்ணயர்ந்துவிடாமல் டீக்கனார் பார்த்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் செல்வதாஸை வாசலில் மடக்கினார்.

"ஏலே, நீ படம் வரைவியாமே?"

"வரைவேன் டீக்கனாரே."

"எண்ணெச் சாயத்துல? ஆளு உயிரோட நிக்கது மாதிரி?"

"ஓ, அதுக்கென்ன."

அது பொய். செல்வதாஸ் மார்த்தாண்டம் சந்தையில் கடைகளுக்குப் பலகை எழுதுகிறவன். 'ஜவுளிக்கடை' என்பதில் 'ஜ'வை மயில் கழுத்து மாதிரி வளைத்துப் போடுவதில் அவனுக்குப் பெயர் உண்டு. மனிதக் கழுத்தை அவன் வரைந்ததில்லை.

ஆனால் பொய் சொல்லக் காரணம் இருந்தது. சபைப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலி. அந்த வேலையோடு, பள்ளி வளாகத்திலேயே இரண்டு அறை உள்ள வீடும் உண்டு. செல்வதாஸுக்கு வேலையைவிட வீடுதான் முக்கியம். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் மாமனார் சிலுவைதாசன் வீட்டில் இருந்தான். மாமனார் நேரில் அவனை ஒரு சொல் சொல்வதில்லை. காலையில் தொழுவத்தில் போய் நின்று, "நம்ம மருமவன் எழும்பியாச்சா?" என்று மாட்டிடம் கேட்பார். அந்தக் கேள்வி மாட்டைத் தவிர ஊரில் எல்லோருக்கும் கேட்கும்.

கோயிலுக்குப் புதிய ஓடு போட்டுக்கொடுத்தவர் டீக்கனார். நன்றியாக அவருடைய படத்தைக் கோயிலில் மாட்டுவதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கோயிலில் மனுஷன் படம் ஆகாது என்று போதகர் சொல்லிப் பார்த்தார். "மேல இருக்க ஓடு என் ஓடு, கீழ என் படம் இருந்தா என்ன?" என்று டீக்கனார் கேட்டதும் வேத நியாயம் அதோடு முடிந்தது. போதகர்தான் பள்ளிக்கூட மேனேஜர். "படம் நல்லா வரட்டும். வேலைக்கு வேற ஆளு பாக்கல்ல" என்று செல்வதாஸிடம் சொல்லிவிட்டார்.

ஆக, படம் வந்தால் வீடு. வராவிட்டால் மாமனாரும் மாடும்.

அவனிடம் ஒரு பெட்டி இருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாவின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, ஏணி எடுக்கப் போனவன் ஏணி கைதவறி, சாயப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஈயக் குழல்களில் சாயம், பிரஷ், சிறிய குப்பியில் மஞ்சள் நிறத்தில் எண்ணெய், முகம் தீட்டுவது எப்படி என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம். நாலாம் பாரம் வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, எழுத்தைக் கால்வாசியும் படங்களை முக்கால்வாசியுமாகப் படித்தான். கித்தான் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, பசை பூசி, மனைவி ஓமனாவை முற்றத்தில் முக்காலியில் உட்காரவைத்தான்.

வரைந்ததை ஓமனா வந்து பார்த்தாள்.

"இது என்னது?"

"ஒனக்க மூக்கு."

"எனக்க மூக்கு 'ட' மாதிரியா இருக்கு? காது ரெண்டும் 'உ'. மொத்தத்துல நான் ஒரு கடைப் பலகை. கீழ 'கடன் இல்லை'ண்ணு எழுதிரும்."

அவள் சொன்னது சரி. எதைப் பார்த்தாலும் முதலில் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே சாயத்தை நிரப்புவது அவன் கைப்பழக்கம். எழுத்துக்கு அது போதும். முகத்தில் கோடே இல்லை என்று புத்தகம் சொன்னது. மூக்கு என்பது ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல்; அவ்வளவுதான். கண்ணைப் பாதி சுருக்கிப் பார், கோடெல்லாம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும் என்றும் சொன்னது.

செல்வதாஸ் கண்ணைச் சுருக்கினான். ஓமனாவின் மூக்கு கரைந்து, கன்னத்து ஓரத்தில் ஒரு நிழலாக நின்றது. அந்த நிழலை மட்டும் பழுப்பில் தொட்டு வைத்தான். துணியில் மூக்கு முளைத்தது. பயந்துபோய் பிரஷைக் கீழே போட்டான்.

"ஏட்டி, வந்துட்டுது!"

ஓமனா வெகுநேரம் பார்த்தாள். "ம்ம். கண்ணச் சுருக்கிப் பாத்தா எங்க அப்பாகூட நல்ல மனுசனாத்தான் தெரிவாரு" என்றாள்.

ஐப்பசி மழையில் டீக்கனார் வீட்டில் வேலை தொடங்கியது. அவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் நேரியலைச் சுற்றி, ஒரு கையில் வேதாகமமும் மறு கையில் பிரம்புமாக நாற்காலியில் உட்கார்ந்தார். செல்வதாஸ் கண்ணைச் சுருக்கினான்.

"ஏலே! எனக்கிட்டயா கண்ணடிக்கிய?"

"இல்ல டீக்கனாரே, வெளிச்சம் பாக்கியேன்."

"வெளிச்சத்த சன்னல்ல பாரு. எனக்க மூஞ்சியில என்ன வெளிச்சம்?"

உள்ளிருந்து அவர் மனைவி ராஜபாய், "அதத்தான் அவனும் தேடுகான்" என்றாள்.

விழித்திருக்கும் டீக்கனாரை வரைய முடியாது. தலை நிற்காது. மழையைத் திட்டும், வேலைக்காரரைத் திட்டும், கன்னத்தில் எதற்குக் கரியைப் பூசுகிறாய் என்று படத்தைத் திட்டும். ஆனால் கஞ்சி குடித்த சற்று நேரத்தில் தாடை நேரியலில் இறங்கும். வாய் கொஞ்சம் திறக்கும். பிறகு ஓவியனுக்கு வேண்டிய அசையாத தலை கிடைத்துவிடும். ஊரை உறங்கவிடாத மனிதர், இரண்டு மணி நேரம் தேக்கு மரம் மாதிரி உறங்குவார்.

'உனக்குத் தெரிந்ததைத் தீட்டாதே; உன் கண் காண்பதை மட்டும் தீட்டு' என்றது புத்தகம். செல்வதாஸ் கற்றுக்குட்டி. கற்றுக்குட்டிகள் புத்தகத்தை மீறுவதில்லை. கண்டதைத் தீட்டினான். மூடிய இமையின் பளபளப்பு, தளர்ந்த கன்னத்தின் மடிப்பு, திறந்த வாய்க்குள் இருந்த இருட்டு எல்லாம் வந்தன. கார்த்திகைக்குள் படம் காய்ந்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் நின்றது.

முதலில் பார்த்தவள் ராஜபாய். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். "கொறட்டை மட்டும்தான் மக்கா இல்ல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

டீக்கனார் பார்த்தார். முகம் படத்தைவிட இருண்டது.

"ஏலே, நான் செத்தா போனேன்?"

"உறக்கம்தான் டீக்கனாரே."

"யாருக்க உறக்கம்? நான் உறங்கினத இந்த ஊருல எவன் கண்டான்? கண்ணத் தொற. வாய மூடு. படத்துல சொல்லியேன்!"

இமையின் மேல் விழியைத் தீட்டினால் முடிந்தது என்று செல்வதாஸ் நினைத்தான். ஆனால் குப்பியில் எண்ணெய் தீர்ந்திருந்தது. ஒட்டியிருந்த சீட்டில் இங்கிலீஷில் 'லின்சீட் எண்ணெய்' என்று அச்சடித்திருந்தது. அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மார்த்தாண்டத்தில் பாவா கடை எண்ணெய், சீமையில் லின்சீட் கடை எண்ணெய். லின்சீட் யாரோ ஒரு துரை. அது ஆளிவிதைக்கு இங்கிலீஷ் பெயர் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

பாவா தேங்காப்பட்டணத்துக்காரர். சந்தையில் அவர் எண்ணெய்க்கடைக்குப் பலகை எழுதியதும் செல்வதாஸ்தான்.

"பாவா, லின்சீட் எண்ணெ உண்டா?"

"அவன் யாரு?"

"வெள்ளக்காரன். அவன் எண்ணெயிலதான் படம் வரையணுமாம்."

பாவா சிரித்தார். "வெள்ளக்காரனுக்கு ஏது மக்கா தென்னந்தோப்பு? நம்மகிட்ட வாங்கிக் கப்பல்ல கொண்டுபோயி, அவனுக்க பேர ஒட்டியிருப்பான். நீ அதையே காசு குடுத்து வாங்கியிருக்க. இந்தா, நேத்து ஆட்டினது. குடிக்கவும் செய்யலாம்."

அந்தப் பக்கத்தில் எண்ணெய் என்று சொன்னால் தேங்காயெண்ணெய்தான். மற்ற எண்ணெய்களுக்குத்தான் நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று முன்னால் ஒரு பெயர் வேண்டும். பாவா ஏமாற்றவில்லை, செல்வதாஸ் ஏமாறவும் இல்லை. எண்ணெய் கேட்டான், எண்ணெய் கிடைத்தது.

மார்கழிக் குளிரில், விடிந்தும் விடியாமலும் டீக்கனார் வீட்டுச் சாமான் அறையில் வேலை செய்தான். சிரட்டையில் சாயத்தைக் குழைத்தபோது அது வெண்ணெய் மாதிரி கட்டியாக வந்தது. மூடிய இமையின் மேல் வெள்ளை விழி வைத்தான். கருவிழி வைத்து, அதில் ஒரு பொட்டு வெளிச்சமும் வைத்தான். திறந்த வாயின்மேல் இறுக்கமான உதடு போட்டான். கடைப்பலகையைக் காயவைக்கும் வழக்கப்படி படத்தைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் மார்த்தாண்டம் போய்விடுவான். மறுநாள் காலையில் வந்து விரலால் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். துரையின் எண்ணெயைவிட வேகமாகக் காய்கிறதே என்று பாவாவை மனதுக்குள் வாழ்த்தினான்.

டீக்கனாருக்குப் பரம திருப்தி. "பாத்தியா, கண்ணு எப்பிடி வெரட்டுகு!" என்று ராஜபாயிடம் காட்டினார்.

கிறிஸ்துமஸ் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சனிக்கிழமை மத்தியானம் ஓமனா படத்தைப் பார்க்க வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"டீக்கனாருக்க கண்ணுல எதுக்குத் தலைக்கு எண்ணெ தேச்ச மணம் அடிக்கு?"

"ஏட்டி, அது சாயத்துல சேத்தது."

"காஞ்ச சாயத்துல எறும்பு எதுக்கு ஏறுகு?"

செல்வதாஸ் பார்த்தான். கட்டில் காலிலிருந்து டீக்கனாரின் இடது கண்வரை ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. விரலை வைத்தான். கருவிழி விரலோடு வந்தது.

ஓமனா அவன் விரலை வாங்கித் தன் கூந்தலில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மார்கழியில தலைக்குத் தேய்க்கிற எண்ணெக் குப்பி காலத்த குளிருல உறைஞ்சு கெடக்கும், உச்சை வெயிலுக்கு உருகும். பொறந்ததுல இருந்து அதத்தான் தேய்க்கிய. ஒமக்குத் தெரியாதா?"

"லின்சீட் துரை…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

கருவிழியைத் திரும்ப வைத்துவிடலாம். காயவைக்க முடியாது. இந்த எண்ணெய் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை வரைக்கும் காயாது. உண்மையைச் சொன்னால் திறப்பு நின்றுபோகும். வேலையும் வீடும் போகும். ஒரே வழிதான் தெரிந்தது. காலைக் குளிரில் படத்தைத் திறக்க வேண்டும். வெயில் ஏறுமுன் ஆராதனை முடிய வேண்டும். கூட்டம் போனதும் படத்தை இறக்கி, வார்னிஷ் பூசவேண்டும் என்று ஏதாவது சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நேரே போதகர் வீட்டுக்குப் போனான்.

"ஐயரே, நாளைக்குப் பிரசங்கம் கொஞ்சம் சுருக்கமா இருந்தா…"

சத்தியநேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு?"

"படம்… பிஞ்சு படம். ரொம்ப நேரம் ஆளு பாக்கப்பிடாது."

"படம் மனுசனுக்கு. பிரசங்கம் கர்த்தருக்கு. கர்த்தர் எப்பமாவது சுருக்கச் சொன்னாரா?"

"இல்ல ஐயரே."

"அப்பம் போ."

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல குளிர். படம் பிரசங்க பீடத்துக்குப் பின்னால், வடக்குச் சுவரில் தொங்கியது. ராஜபாய் திரையை இழுத்தாள். சபை 'ஓ'வென்று வாயைப் பிளந்தது. இரண்டு கண்களும் உருட்டி விழித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, டீக்கனார் சுவரிலிருந்து எல்லோரையும் அதட்டினார். முன் பெஞ்சில் ஒரு பாட்டையா பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னாலிருந்த சிலுவைதாசன்கூட, "பரவாயில்ல" என்று ஒரு மனிதனிடமே சொன்னார்.

பிரசங்கம் தொடங்கியது. சபைக்கு முகம் காட்டிப் பேசும் போதகருக்குப் படம் முதுகுப் பக்கம்.

நோவாவின் பேழையில் மிருகங்கள் ஏறி முடிவதற்குள் தெற்குச் சன்னல் வழியாக மார்கழி வெயில் சாய்வாக உள்ளே வந்தது. வடக்குச் சுவரில் விழுந்தது. படத்தை நோக்கி நகரத் தொடங்கியது. செல்வதாஸ் மெதுவாக எழுந்து, சன்னலண்டை போய், தோளில் கிடந்த நேரியலை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிரம்பு அவனை நோக்கி நீண்டது. டீக்கனாரே எழுந்து வந்தார்.

"என்னலே, கோயிலுக்குள்ள துணி காயப்போடுகியா? போய் இரி!"

"டீக்கனாரே, வெயிலு…"

"வெயிலுதான் வேணும். எனக்க கண்ணு நல்லா தெரியட்டு. இரிலே!"

செல்வதாஸ் உட்கார்ந்தான். டீக்கனார் தம் மரியாதை நாற்காலிக்குத் திரும்பினார். அது படத்துக்கு நேர் கீழே சபையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. கழுத்தில் சம்பங்கி மாலை. வயிற்றில் பண்டிகை அப்பம். மடியில் இதமான வெயில்.

முதலில் படத்தின் கருவிழிகள் அசைந்தன. அதட்டிக்கொண்டிருந்தவர், ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு 'கிளுக்' கேட்டது. வெள்ளை விழி வழுக்கியது. அது இறங்க இறங்க, அடியில் காய்ந்திருந்த இமை மேலிருந்து கீழாக வெளியே வந்தது. ஒரு மனிதர் நெடுநேரம் போராடிக் கண் மூடுவது போலவே இருந்தது. பிறகு உதடு தளர்ந்து தாடைக்குப் போயிற்று. வாய் திறந்தது. வாயோரத்தில் ஒரு சொட்டு உருண்டு திரண்டு, விழுவதற்குச் சம்மதம் கேட்பது மாதிரி நின்றது.

கண் சிமிட்டினால் எதையாவது தவறவிட்டுவிடுவோம் என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

போதகர் அந்தக் கண்களைப் பார்த்தார். அத்தனை விழிகளும் விரிந்து, அத்தனை வாய்களும் திறந்து, ஒரு சபை தம்மையே நோக்கியிருப்பதைக் கண்டார். முடிக்க இருந்த பிரசங்கத்தை முடிக்காமல், நோவாவிலிருந்து ஆபிரகாமுக்குத் தாண்டினார்.

செல்வதாஸ் தலையைக் கையில் புதைத்துக்கொண்டான். பள்ளி வளாகத்து வீட்டின் இரண்டு அறைகளும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வழிந்து இறங்குவது அவனுக்குத் தெரிந்தது. தோளில் யாரோ குத்தினார்கள். பெண்கள் பக்கத்து ஓரத்திலிருந்து ஓமனா எட்டி, "கீழ பாரும்" என்றாள்.

பார்த்தான். படத்துக்குக் கீழே, நாற்காலியில், டீக்கனார் முத்துநாயகம் உறங்கிக்கொண்டிருந்தார். தாடை மாலையில் இறங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. கன்னத்து மடிப்பு, இமையின் பளபளப்பு, வாய்க்குள் இருட்டு என்று மேலே இருந்ததெல்லாம் கீழேயும் இருந்தது. வாயோரச் சொட்டும் இருந்தது.

"அப்பிடியே உரிச்சு வச்சிருக்கான்!" என்றாள் ராஜபாய், கோயில் என்பதை மறந்து.

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஓட்டைத் தூக்கியது. பாட்டையா பெஞ்சில் புரண்டார். சிலுவைதாசன் பக்கத்தில் இருந்தவனின் முதுகில் அறைந்து, "எனக்க மருமவன்! எனக்க மருமவன்!" என்றார். ஆபிரகாம் பாதி வழியில் நிற்க, போதகர் திரும்பினார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார். அத்தனை கண்களும் இவ்வளவு நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது அவருக்கு மெல்ல விளங்கியது. அவர் காது சிவந்தது.

டீக்கனார் விழித்து எழுந்து, பழக்கத்தில் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் தம் தலைக்கு மேலே பார்ப்பதைக் கண்டு அவரும் திரும்பிப் பார்த்தார். மாலை கழுத்திலிருந்து கழன்று விழுந்தது.

"எறக்குங்கவே அத! இப்பமே எறக்கணும்! ஐயரே, இவனுக்கு வேல குடுத்தீருண்ணா நான் கமிட்டியில இருக்கமாட்டேன், கேட்டுக்கிடும்!"

செல்வதாஸ் எழுந்து முன்னால் வந்தான். "தப்பு எனக்கதுதான் ஐயரே. எண்ணெ மாறிப்போச்சு. நானே எறக்கியேன்" என்று சட்டத்தில் கை வைத்தான்.

போதகர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சபையைத் திரும்ப ஒரு முறை, கடைசிப் பெஞ்சு வரை பார்த்தார். அங்கியை விலக்கி, சட்டைப் பைக்குள்ளிருந்து பள்ளி வளாகத்து வீட்டுச் சாவியை எடுத்து, எண்ணெய் படிந்த அந்தக் கையில் வைத்து மூடினார்.

"படம் இங்கதான் தொங்கும், டீக்கனாரே. நான் இந்தக் கோயிலுக்கு வந்த பொறவு, எனக்க பிரசங்கத்துல உம்மத் தவிர ஒருத்தரும் உறங்காம இருந்தது இண்ணைக்கு ஒரு நாளுதான்."